டபிள்யூ-2 படிவத்திலிருந்து தொடங்குங்கள்: அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான ஒரே மருத்துவக் காப்பீட்டுக்காக வாதிடுவது எப்படி

அமெரிக்காவில் வாழும் எல்லோருக்கும் ஒரே பொதுக் காப்பீடு வேண்டும் என்று நம்புகிறவர்கள் பலர், அந்த நம்பிக்கையை உடன் வேலை செய்கிறவரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ எடுத்துச் சொல்லும்போது சில நிமிடங்களிலேயே தடுமாறிவிடுகிறார்கள். மருத்துவம் மனித உரிமை என்று தொடங்குவார்கள். எதிரில் இருப்பவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் "எனக்கு வரி எவ்வளவு ஏறும்?" என்று அவர் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நானும் அந்த இடத்தில் பலமுறை பதில் இல்லாமல் நின்றிருக்கிறேன். அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாமல், அதையே அடித்தளமாக வைத்து வாதத்தைக் கட்டுவதுதான் நான் கண்டுகொண்ட வழி.

பேசத் தொடங்கும் முன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே பொதுக் காப்பீடு என்ற இந்த முறையை ஆங்கிலத்தில் சிங்கிள் பேயர் என்பார்கள். அது மருத்துவமனைகளை அரசே நடத்தும் முறை அன்று. அரசே நடத்துவது பிரிட்டனின் வழி. சிங்கிள் பேயரில் மருத்துவர்களும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் இப்போது போலவே தனியாராகவோ அறக்கட்டளைகளாகவோ இருக்கலாம். அவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தை மட்டும் ஒரே பொது நிதி செலுத்தும். கனடாவில் மாகாணம்தோறும் இப்படித்தான் நடக்கிறது. தைவான் 1995-இல் இம்முறைக்கு மாறியது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எல்லோருக்கும் காப்பீடு உண்டு என்றாலும் அங்கே காப்பீட்டு அமைப்புகள் பல. எனவே "ஐரோப்பா முழுவதும் இதுதான் இருக்கிறது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் மொத்த வாதத்தையும் சாய்த்துவிடுவார்.

அமெரிக்காவிலேயே காட்டக்கூடிய உதாரணம், முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மத்திய அரசு தரும் காப்பீடான மெடிகேர். ஆனால் இன்றைய மெடிகேரையே எல்லோருக்கும் விரிப்பதுதான் திட்டம் என்றும் சொல்லிவிடக் கூடாது. இப்போதைய மெடிகேரில் மாதப் பிரீமியம் உண்டு, மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் நோயாளியின் தலையில் விழுகிறது, வழக்கமான பல் சிகிச்சை அதில் சேராது. செனட்டில் பெர்னி சாண்டர்ஸும், பிரதிநிதிகள் சபையில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் "மெடிகேர் ஃபார் ஆல்" என்ற பெயரில் கொண்டுவந்த மசோதாக்கள் அதைவிட வெகுதூரம் செல்கின்றன. ஜெயபாலின் மசோதாவில் பிரீமியமும் இல்லை, டிடக்டிபிளும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி தாமே கட்ட வேண்டிய தொகை) இல்லை, கோபேயும் (ஒவ்வொரு முறையும் நோயாளி கட்டும் பங்கு) இல்லை. பல், கண், செவி சிகிச்சைகளும் நீண்டகாலப் பராமரிப்பும் அதில் அடங்கும்.

இனி வரிக் கேள்விக்கு வருவோம். எதிரில் இருப்பவர் வேலைவழிக் காப்பீட்டில் இருப்பவரானால், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டி முதலாளி தரும் டபிள்யூ-2 படிவத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் 12-ஆம் கட்டத்தில் "டிடி" என்ற குறியீட்டுக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். அவருடைய காப்பீட்டுக்காக அவரும் முதலாளியும் சேர்ந்து அந்த ஆண்டில் கட்டிய மொத்தத் தொகை அதுதான். சிறிய நிறுவனங்களில் இந்தக் கட்டம் நிரப்பப்படாமல் இருக்கலாம். அப்போது மனிதவளத் துறையைக் கேட்டால் சொல்வார்கள். என்னுடன் வேலை செய்த ஒருவர், தன் காப்பீட்டுக்கு மாதம் ஐந்நூறு டாலர்தான் ஆகிறது என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தார். உணவு இடைவேளையில் மடிக்கணினியில் அந்தப் படிவத்தைத் திறந்து, விரலால் திரையில் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து, இருபதாயிரத்தைத் தாண்டிய அந்த எண்ணை அவர் இரண்டுமுறை வாய்விட்டுப் படித்தார். அதன் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

அவர் விதிவிலக்கல்ல. கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் வேலைவழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது 6,296 டாலர். மீதி 19,276 டாலரை முதலாளி கட்டினார். அதுவும் ஊழியருக்குச் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தான் என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இத்தனையும் கட்டிய பிறகுதான் டிடக்டிபிளும் கோபேயும் தொடங்குகின்றன.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லுங்கள்: ஆம், வரி ஏறும், கணிசமாகவே ஏறும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் மெர்கேட்டஸ் மையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, சாண்டர்ஸ் மசோதாவால் மத்திய அரசின் செலவு பத்து ஆண்டுகளில் சுமார் 32.6 டிரில்லியன் டாலர் கூடும் என்றது. எதிர்ப்பாளர்கள் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆய்வின் அட்டவணையில், மசோதா சொல்கிறபடி மருத்துவமனைகளுக்கு மெடிகேர் விலையே கொடுக்கப்பட்டால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு சற்றுக் குறையும் என்பதும் இருந்தது. அவ்வளவு குறைந்த விலை நடைமுறையில் நிலைக்குமா என்று ஆய்வாளர் ஐயப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் 2020 டிசம்பரில் ஐந்து வகைத் திட்டங்களை அலசியபோது, 2030-ஆம் ஆண்டின் மொத்த மருத்துவச் செலவு ஏறத்தாழ 0.7 டிரில்லியன் டாலர் குறைவதிலிருந்து 0.3 டிரில்லியன் டாலர் கூடுவது வரை, திட்டத்தின் வடிவத்தைப் பொறுத்து மாறும் என்று கணித்தது. பணம் புதிதாக எங்கிருந்தும் வரப்போவதில்லை. பிரீமியமாகப் போய்க்கொண்டிருப்பது வரியாகப் போகும். அதிக வருமானம் உள்ளவருக்கு அந்த மாற்றத்தில் இழப்பு இருக்கலாம். அதை அவரிடமே நேராகச் சொல்லிவிட்டால், மற்றவற்றை அவர் நம்பிக் கேட்பார்.

அடுத்து, மொத்தச் செலவை எங்கே மிச்சப்படுத்த முடியும் என்பார்கள். பலரும் இங்கே மெடிகேரின் நிர்வாகச் செலவு 2 சதவீதம்தான் என்பார்கள். எண் தவறில்லை, ஆனால் முதியோரின் சிகிச்சைச் செலவு மிகப் பெரியது என்பதால் அதன் எதிரே நிர்வாகச் செலவின் விகிதம் சிறிதாகத் தெரிகிறது என்று பதில் வரும், அந்தப் பதிலிலும் நியாயம் உண்டு. அதைவிட உறுதியான இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டப்படி, தனிநபர்க்கும் சிறு நிறுவனங்களுக்கும் விற்கும் காப்பீட்டில் பிரீமியத்தின் 80 சதவீதத்தையும், பெரிய நிறுவனங்களுக்கு விற்பதில் 85 சதவீதத்தையும் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவிட வேண்டும். அதாவது மீதி 15 முதல் 20 சதவீதம் வரை நிர்வாகத்துக்கும் விளம்பரத்துக்கும் லாபத்துக்கும் போகலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

அது காப்பீட்டு நிறுவனத்தின் பக்கத்துச் செலவு மட்டுமே. மருத்துவரின் பக்கத்துச் செலவை ஓர் அனுபவத்தால் விளக்குவது நல்லது. என் மகள் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட இரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மூன்று மணி நேரம் இருந்தோம். அடுத்த இரண்டு மாதங்களில் வீட்டுக்கு ஏழு உறைகள் வந்தன. மருத்துவமனை தனியாக, அங்கே பார்த்த மருத்துவர் தனியாக, எக்ஸ்ரேயைப் படித்தவர் தனியாக, கட்டுப் போட்ட எலும்பு மருத்துவர் தனியாக அனுப்பியிருந்தார்கள். மற்ற மூன்றும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, "இது பில் அல்ல" என்ற தலைப்போடு வந்தவை. ஒன்றில் குறியீடு தவறு என்று க்ளெய்ம் மறுக்கப்பட்டிருந்தது. அதைத் திருத்த நான் நான்குமுறை தொலைபேசியில் காத்திருந்தேன்; மறுமுனையில் மருத்துவமனையிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் அந்த ஒரு மணிக்கட்டுக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசியவர்கள் குறைந்தது ஆறு பேர். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேறு படிவம், வேறு முன் அனுமதி விதி, வேறு நெட்வொர்க் (அந்தக் காப்பீட்டை ஏற்கும் மருத்துவர்களின் பட்டியல்), வேறு விலை. பணம் செலுத்துவது ஒரே அமைப்பாகிவிட்டால் இந்த வேலையின் பெரும்பகுதி தேவைப்படாது. உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட உறைகள் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

விலையைப் பற்றி ஒரு எண் போதும். ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் தனியார் காப்பீடுகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது, அதே சேவைக்கு மெடிகேர் கொடுத்திருக்கக்கூடிய தொகையைப்போல் இரண்டரை மடங்கு. இதைச் சொன்னதும், அந்த வருமானம் போனால் கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படாதா என்ற கேள்வி வரும். அது நியாயமான கவலை. ஜெயபாலின் மசோதா, ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகக் கட்டணம் கொடுப்பதற்குப் பதிலாக மருத்துவமனைக்கு ஆண்டு முழுவதற்குமான மொத்த நிதியை ஒதுக்கும் முறையைச் சொல்கிறது. நோயாளிகள் குறைந்த ஊரிலும் மருத்துவமனை தாக்குப்பிடிக்க அதில் வழியிருக்கிறது.

வரிக்கு அடுத்தபடி கடினமான கேள்வி, "எனக்கு இப்போதுள்ள காப்பீடு போய்விடுமா?" என்பது. 2019 ஜனவரியில் கேஎஃப்எஃப் நடத்திய கருத்துக்கணிப்பில் இத்திட்டத்துக்கு 56 சதவீத ஆதரவு இருந்தது. தனியார் காப்பீட்டை நீக்கிவிடும் என்று சொல்லிக் கேட்டபோது அது 37 சதவீதமாக விழுந்தது. எனவே பலர் இதை மழுப்பப் பார்க்கிறார்கள்; நீங்கள் மழுப்பாதீர்கள். போய்விடும் என்றே சொல்லுங்கள். ஆனால் மருத்துவர் போகமாட்டார், ஏனென்றால் நெட்வொர்க் என்ற ஒன்றே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போதுள்ள காப்பீடும் அவருடைய கையில் இல்லை. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் முதலாளி திட்டத்தை மாற்றும்போது அவரிடம் யாரும் கேட்பதில்லை. வேலையோடு பிணைந்த எச்-1பி விசாவில் இருப்பவரிடம் இதை விளக்கவே வேண்டாம். வேலை போனால் நாட்டில் தங்க அறுபது நாள் அவகாசம். அதே வேளையில் குடும்பத்தின் காப்பீடும் போகும். கோப்ரா சட்டத்தின்கீழ் அதைத் தொடரலாம்தான். ஆனால் சம்பளம் நின்றுபோன அந்த நேரத்தில், முதலாளியின் பங்கையும் சேர்த்து 102 சதவீதம் வரை அவரே கட்ட வேண்டும்.

கனடாவில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களே என்றால், ஒப்புக்கொள்ளுங்கள். இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்கு அங்கே நீண்ட காத்திருப்பு உண்மை. ஆனால் காத்திருப்பைத் தீர்மானிப்பது மருத்துவர்களின், படுக்கைகளின் எண்ணிக்கையே. பணம் கொடுப்பவர் ஒருவரா பலரா என்பதன்று. அதே ஒற்றைக் காப்பீட்டு முறையுள்ள தைவான், காத்திருப்பு குறைவு என்பதற்காகப் பெயர் பெற்றது. அமெரிக்காவில் செலவுக்கு அஞ்சி மருத்துவரிடமே போகாதவர்கள் எந்த வரிசையிலும் எண்ணப்படுவதில்லை. 2023-இல் ஆண்டு முழுவதும் எந்தக் காப்பீடும் இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 2.6 கோடிப் பேர்.

அரசால் இதை நடத்த முடியாது என்பவரிடம் 1966-ஐ நினைவூட்டலாம். 1965 ஜூலை 30-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட மெடிகேர், பதினொரு மாதங்களில், 1966 ஜூலை 1-இல், ஏறக்குறைய 1.9 கோடி முதியோருடன் நடைமுறைக்கு வந்தது. நிறவேற்றுமை பாராட்டும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களிலேயே கறுப்பின நோயாளிகளைப் பிரித்துவைப்பதைக் கைவிட்டன. ஒரே அமைப்பு பணம் கொடுக்கும்போது அதற்கு எவ்வளவு வலிமை வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

தோல்வியையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். வெர்மான்ட் மாநிலம் 2011-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2014 டிசம்பரில் ஆளுநர் பீட்டர் ஷம்லின் அதைக் கைவிட்டார். முதலாளிகளுக்கு 11.5 சதவீதச் சம்பள வரியும், குடும்பங்களுக்கு வருமானத்தில் 9.5 சதவீதம் வரையும் தேவைப்படும் என்று கணக்கு வந்திருந்தது. ஒரு மாநிலம் தனியாக இதைச் செய்வதில் சட்டச் சிக்கலும் உண்டு: 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டத்தால், ஊழியர் காப்பீட்டைத் தாமே ஏற்று நடத்தும் நிறுவனங்கள்மீது மாநிலங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நிதிக் கணக்கு மூன்றரை ஆண்டுகள் கழித்துக் கடைசியில் வெளிவந்ததுதான். வரி என்ன, நின்றுபோகும் பிரீமியம் என்ன என்ற இரண்டையும் முதல் நாளே ஒரே தாளில் காட்டியிருக்க வேண்டும்.

அந்தத் தாளைத்தான் நீங்களும் தயாரிக்கப் போகிறீர்கள். ஒருபுறம் டிடி தொகை, கடந்த ஆண்டில் கட்டிய டிடக்டிபிள், கோபே, பல் மருத்துவர் செலவு. மறுபுறம் உத்தேசிக்கப்படும் வரியின் கணக்கு. இதை எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதியின் பிரதிநிதி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். குடியுரிமை இல்லாதவரும் அழைக்கலாம். தொகுதியில் வசிப்பதே போதுமானது. பெயரையும் சிப் கோடையும் (அஞ்சல் குறியீடு) சொல்லிவிட்டு, "பிரதிநிதி மெடிகேர் ஃபார் ஆல் மசோதாவில் இணை முன்மொழிபவராகச் சேர்ந்திருக்கிறாரா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். விடை நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும் என்றாலும் கேளுங்கள், ஏனென்றால் அழைப்புகளை அலுவலகத்தில் எண்ணிக் குறிக்கிறார்கள். இல்லை என்று பதில் வந்தால், உங்கள் தாளில் உள்ள இரண்டு எண்களைப் படித்துக்காட்டி, அவற்றைக் குறித்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டு உங்கள் முகவரியைக் கொடுங்கள்.