மாநகராட்சியில் வேலையா? சர்க்குலரையும் உடம்பையும் கோட்டை விடாதீர்கள்

உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது? எழுந்துபோய் பீரோவைத் திறக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

என்னால் சொல்ல முடியவில்லை. சென்னை மாநகராட்சியில் பதினெட்டு வருடம் சர்வீஸ் போட்டவன் நான், அதில் பாதி மண்டல அலுவலகத்தில் ஊரார் ஃபைலைத் தேடிக்கொடுத்தே கழிந்தது. ஆனால் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் அட்டையில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் வேறு வேறு என்று தெரிந்தது. ஒன்றில் அவள் அப்பா இனிஷியல், இன்னொன்றில் என் இனிஷியல். காப்பீட்டு கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு "இப்போதைக்குப் பணம் கட்டுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நகையை வைத்துக் கட்டினேன். தப்பு அவர் மேலும் இல்லை, நான் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் மற்ற மாநகராட்சி, நகராட்சிக்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை, பே ஸ்லிப்பை எடுங்கள். நிரந்தரப் பணியாளர் என்றால் அதில் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை பிடித்திருப்பார்கள். 2021 ஜூலை 1-இல் தொடங்கிய திட்டத்தில் அதை 300 ரூபாய் என்று வைத்தார்கள். அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்பு ஊழியர்களையும் சேர்த்துத்தான் அந்தத் திட்டம் வந்தது. அதில் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுத் தொகுதிக்கு 5 லட்சம், பட்டியலில் உள்ள பெரிய நோய்கள், அறுவை சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை என்று வைத்தார்கள். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000 என்று தனி வரம்பு. இதில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வேலை, திருமணம், 25 வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை. அம்மா அப்பாவைச் சேர்க்க முடிவது திருமணம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான். கல்யாணமான அன்றே பெற்றோர் இந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள், இது பலருக்குத் தெரிவதில்லை, அவர்களுக்கென்று தனியாக ஏதாவது ஏற்பாடு செய்து வைப்பது நல்லது.

அடுத்து, பில் கிளார்க்கைப் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில். புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, பிறந்த தேதி சரியா. திருத்தம் வேண்டுமென்றால் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்த ஃபைலிலும் ஏறாது, இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயம் கவனியுங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது ஒன்று. பட்டியலில் இருப்பது போதாது, நீங்கள் போகிற சிகிச்சைக்கு அங்கே அங்கீகாரம் இருக்கிறதா என்பது இன்னொன்று. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. அவசரம் இல்லாத அறுவை சிகிச்சை என்றால் மருத்துவமனை முதலில் முன் அனுமதி கேட்டு அனுப்பும், அந்த அனுமதி வரும்வரை தேதி குறிக்காமல் இருங்கள். வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கும் செலவு இதில் வராது. பணம் கட்டித்தான் ஆகவேண்டிய நிலை வந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரசீது, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் அசல் வாங்கிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். திரும்பக் கேட்கும் மனுக்கள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு வரை போகும், அங்கே உங்கள் கண்ணீர் செல்லாது, காகிதம்தான் செல்லும். என் பணம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தது, குறைத்துத்தான் வந்தது.

சரி, செய்திக்கு வருவோம். இந்தச் சலுகை எதுவும் ரகசியம் இல்லை, எல்லாம் அரசாணையாக வந்தவைதான். ஆனால் தலைமைச் செயலகத்திலிருந்து மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கும், அங்கிருந்து மண்டலத்துக்கும், மண்டலத்திலிருந்து டிவிஷன் ஆபீசுக்கும் வருவதற்குள் அது சூப்பிரண்டு மேஜையில் ஒரு தூக்கம் போட்டுவிடும். காலையில் மஸ்டரில் வருகை பதிந்துவிட்டுத் தெருவுக்குப் போகிறவர்களிடம் அது வந்து சேர்வதே இல்லை. அந்த இடைவெளியில் வாட்ஸப் புகுந்துகொள்கிறது.

ஒப்படைப்பு விடுப்பை, அதாவது ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக வாங்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் கொரோனா சமயத்தில் நிறுத்தினார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் 2026 ஏப்ரல் 1 முதல் திரும்பத் தருவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் அதை மாற்றி 2025 அக்டோபர் 1 முதலே 15 நாள் வரை சரண் செய்யலாம் என்றார்கள். பழைய செய்தியைப் படம் பிடித்து ஃபார்வர்டு செய்தவர்கள் அதை மாற்றவே இல்லை, எங்கள் குரூப்பில் அக்டோபர் வரைக்கும் "அடுத்த ஏப்ரல்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு தகவல் வந்தால் முதலில் அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். எண் இல்லாமல் "அரசு அதிரடி" என்று மட்டும் இருந்தால் டீ குடிக்கப் போகலாம். எண் இருந்தால் எந்தத் துறை என்று பாருங்கள். சம்பளம், படி, காப்பீடு என்றால் நிதித்துறை. நம் துறை நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல். அரசின் இணையதளத்தில் துறைவாரியாக ஆணைகள் கிடைக்கின்றன. பி.டி.எஃப்.-ஐத் திறந்ததும் முதல் பக்கத்தில் உள்ள சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல் கடைசிப் பத்திகளுக்குப் போங்கள், எப்போது முதல், யாருக்கெல்லாம் என்பது அங்கேதான் இருக்கும். உள்ளாட்சி அமைப்புப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நகலெடுத்து செக்‌ஷனில் கொடுத்துக் கேட்கலாம். இல்லையென்றால் நமக்கென்று தனி ஆணை வர வேண்டியிருக்கும், அதுவரை பொறுமை. சங்கத்துக்காரர்களிடம் கேட்பதும் நல்லதுதான், அவர்களில் அரசாணை எல்லாம் அத்துப்படியான ஜி.ஓ. புலி என்று ஒருவர் எல்லா மண்டலத்திலும் இருப்பார், அவர் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும்.

அதே போல 2025 மே மாதம் வந்த ஒன்று. அரசு ஊழியர்களின் சம்பளக் கணக்குக்காகத் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ ஒரு கோடி, பணிக்காலத்தில் இயற்கையாக இறந்தால் 10 லட்சம், பிரீமியம் கிடையாது. ஆனால் கணக்கு அந்தச் சம்பளத் திட்டத்தின் கீழ் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பலருடைய கணக்கு வேலைக்குச் சேர்ந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்காகவே கிடக்கிறது. பாஸ் புக்கையும் பே ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் "என் கணக்கு எந்த வகையில் இருக்கிறது, மாற்ற முடியுமா" என்று கேளுங்கள், நாமினி பெயரையும் அப்போதே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நாமினியாக இன்னும் இறந்துபோன அம்மாவே இருந்தார்.

இனி உடம்பு. ஊருக்கெல்லாம் சுகாதாரம் பார்க்கிற நாம் நம் சர்க்கரை அளவைப் பார்ப்பதில்லை. சென்னையில் 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்துவது நம் மாநகராட்சிதான். அதோடு 2023 ஜூனில் மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை ஒரே நாளில் திறந்தார்கள். இவை காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி அமைத்தவை. அந்த மாலை நேரம் நமக்காகவே வைத்தது போல. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நுழைந்து பிரஷர், சர்க்கரை பார்த்துவிடலாம், மாத்திரையும் இலவசம். ஒருமுறை பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு சின்ன நோட்டு போடுங்கள், தேதி, பிரஷர், வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி. அடுத்த முறை டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டினால் அவர் பேசும் விதமே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

முழு உடல் பரிசோதனை வேண்டுமென்றால் தனியார் லேப் தள்ளுபடி நோட்டீஸைப் பார்த்து ஓடாதீர்கள். ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2016 முதல் கட்டணப் பரிசோதனைத் தொகுப்புகள் இருக்கின்றன, வெளியே ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வெறும் வயிற்றோடு காலையிலேயே போக வேண்டும், பாதி நாள் ஆகும், ஒரு சி.எல். போடுங்கள். யோகா, இயற்கை மருத்துவம் பக்கம் மனம் போகிறவர்களுக்கு அரும்பாக்கம் அறிஞர் அண்ணா வளாகத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. கழுத்து வலி, முதுகு வலி என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே தேய்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அங்கே சொல்லித்தருகிற பயிற்சிகள் போதும். நடப்பதற்கு, 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' 8 கிலோமீட்டர் பாதை மாவட்டத்துக்கு ஒன்று உண்டு, சென்னையில் பெசன்ட் நகர்ப் பக்கம். எட்டு கிலோமீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், நான் மூன்றில் திரும்பிவிடுவேன். பக்கத்துப் பூங்காவும் போதும், அதைப் பராமரிப்பதே நாம்தானே.

விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சரண் திரும்ப வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான், பையனுக்கு ஃபீஸ் கட்டினேன். ஆனால் காய்ச்சலோடு டியூட்டி பார்த்து ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வைப்பது லாபக் கணக்கு அல்ல. மருத்துவ விடுப்பு என்றால் முதல் நாளே சான்றிதழோடு தகவல் கொடுங்கள், திரும்பும்போது தகுதிச் சான்று இல்லாமல் சேர விடமாட்டார்கள். பெண் பணியாளர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். இன்னும் ஒன்பது மாதம் என்றே நினைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதியவரை நானே பார்த்திருக்கிறேன்.

மனசு விஷயத்தை யாரும் ஆபீசில் பேச மாட்டார்கள். வரி வசூல் டார்கெட், மழைக்காலத்தில் இரவு பகலாக வார் ரூம், தெருவில் வாங்கும் ஏச்சு, வீட்டுக்குப் போனதும் குடி. 14416 என்ற மனநல உதவி எண்ணை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மேலதிகாரிக்குப் போய்விடுமோ என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். போகாது தம்பி, அது ஆபீஸ் எண் இல்லை.

இதுவரை சொன்னதில் பாதி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குப் பொருந்தாது, அதைச் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனம். நமக்குப் பக்கத்திலேயே நின்று அதே குப்பையை அள்ளுகிறார்கள், காப்பீடு மட்டும் வேறு. சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்தால் அவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நிரந்தரப் பணியாளர் திட்டத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு, வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும். சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் பார்க்கலாம். சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இதைக் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம், ஏனென்றால் பிடித்தம் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டைக் கேளுங்கள், அதில் இ.எஸ்.ஐ. எண் இருக்க வேண்டும். அந்த எண்ணில் சந்தா உண்மையிலேயே கட்டியிருக்கிறார்களா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் பார்க்கலாம். பிடித்துவிட்டுக் கட்டாத ஒப்பந்ததாரரும் உண்டு. தாட்கோ என்கிற ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் வழியாகச் செயல்படும் தூய்மைப் பணிபுரிவோர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை வரும். அப்புறம் கையுறையும் பூட்ஸும். வெயிலில் வியர்க்கிறது, கழற்றத்தான் தோன்றும். ஆனால் குப்பையில் கிடக்கும் ஒரு ஊசி போதும். குத்திவிட்டால் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்ல வேண்டும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அதற்கு முன்பே கேட்டுப் போட்டிருக்க வேண்டும். மழைத்தண்ணீரில் நின்ற வாரத்தில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், எந்தத் தண்ணீரில் நின்றீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்குங்கள். காப்பீட்டு அட்டை, எல்லோருடைய ஆதார் நகல், கடைசி மூன்று பே ஸ்லிப், அந்தச் சர்க்கரை நோட்டு, கொடுத்த மனுக்களின் முத்திரை நகல். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிய வேண்டும், ஏனென்றால் படுத்திருப்பது நீங்களாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அது டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கிறது. போன வாரம் பையன் எதையோ தேடும்போது எடுத்துப் பார்த்துவிட்டு, திருத்தி வந்த அட்டையில் அவன் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்றான். திங்கட்கிழமை பில் கிளார்க்கைப் பார்க்கப் போகிறேன்.