நங்கூரம் ஏந்திய நம்பிக்கை: புடைப்புப் பட்டுப் பூவேலை, தொடக்கநிலைச் செய்முறை

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதியான வீட்டுப் பெண்கள் வெண்ணிறச் சாட்டின் பட்டின் மீது அடைப்பு (உள்ளே வைக்கும் நிரப்பு) வைத்து உயர்த்தி, விசுவாசம், நம்பிக்கை, அன்பு, நீதி முதலிய நற்பண்புகளைப் பெண் உருவங்களாகத் தைத்தார்கள். பார்வைக்கு இவை எட்டாத வேலையாகத் தோன்றலாம். ஆனால் 1668இல், 8 வயதில், மாதிரித் துணியில் தையல் பழகிய மார்த்தா எட்லின், 1671இல் ஒரு முழுப் பேழைக்கான பட்டுப் பூவேலையையே முடித்திருந்தார் என்பதை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய வேலைப்பாடுகள் காட்டுகின்றன. நீங்களும் முதலில் ஒரு துண்டுத் துணியில் காஜா தையலை (பொத்தான் துளையின் ஓரத்தில் போடும் கண்ணித் தையலை) பழகிக்கொள்ளுங்கள்.

நற்பண்பு உருவங்களின் முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னார் என்று சொல்வது கையிலுள்ள பொருள்தான். நீதிக்கு வாளும் தராசும், நம்பிக்கைக்கு நங்கூரம். ஆகவே எதை உயர்த்துவது, எதைத் தட்டையாக விடுவது என்பதைத் தைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நாம் தைக்கப்போகும் நம்பிக்கை உருவத்தின் முகத்தைத் தட்டையாகவும், பாவாடையையும் நங்கூரத்தையும் உயர்த்தியும் அமைப்பது தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

சாட்டினுக்கு அடியில் பருத்தித் துணியை இணைத்துச் சட்டத்தில் இறுக்கமாகக் கட்டி, உருவத்தை மெல்லிய கோடாக வரையுங்கள். பாவாடைக்கு ஃபெல்ட் துணியில் மூன்று அளவுத் துண்டுகளை வெட்டி, சிறியதை முதலிலும் பெரியதை மேலாகவும் தையுங்கள். இந்த வரிசை மாறினால் படிக்கட்டு போன்ற விளிம்புகள் வெளியே தெரியும்.

இனி இந்தக் கலையின் உயிரான பகுதி. இந்த ஃபெல்ட் அடைப்பைச் சுற்றிச் சிறிய பின்தையல்களால் (ஒவ்வொரு தையலிலும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி, இடைவெளியின்றித் தைப்பது) எல்லை கட்டுங்கள். மழுங்கிய முனை ஊசியில் பட்டு நூலைக் கோத்து, மேல் எல்லைத் தையல்களில் மட்டும் மாட்டி, முதல் வரிசைக் காஜா தையலை இடுங்கள். ஊசி துணிக்குள் இறங்கவே கூடாது. வரிசை முடிந்ததும் பக்க எல்லையில் நூலை மாட்டி, அடுத்த வரிசையை முந்தைய வரிசையின் கண்ணிகளில் கோத்து வாருங்கள். அவசரத்தில் நூலை இழுத்தால் கண்ணிகள் சுருங்கி, பாவாடையின் வளைவு அமுங்கிவிடும். ஊசியின் காதுப் பக்கத்தால் கண்ணியை லேசாகத் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றும் ஒரே அளவில் நிற்கிறதா என்று கவனியுங்கள். கடைசி வரிசையைக் கீழ் எல்லையோடு பிணைத்துவிடுங்கள்.

முகத்தை ஒற்றை இழைப் பட்டால் நெருக்கமாக நிரப்புங்கள். நங்கூரத்துக்கு ஒரு தடித்த நூலை அடியில் வைத்து, அதன் மேல் சரிகையைக் கிடத்தி, மெல்லிய நூலால் சீரான இடைவெளியில் பிடித்துத் தையுங்கள்.

முடிந்த வேலையை இஸ்திரி போடாதீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதானால், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிக உயர்ந்த பகுதியையும் தாண்டி இடைவெளி இருக்கும்படி ஓரத்தில் கட்டைகள் வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.