12 ÷ 1.6 = 7.5 ஓம், மீட்டரில் மட்டும் 6 ஓம்: காரணம் ஒரு லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பு முனை)

12 வோல்ட், 24 வாட் ஹீட்டர். கணக்குப்படி 2 ஆம்பியர், 6 ஓம். ஓடியதோ 1.6 ஆம்பியர்தான். சப்ளை முனையில் சரியாக 12 வோல்ட், வகுத்தால் 7.5 ஓம். ஹீட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 6 ஓம்!

மூன்று நாள் வீண். ஹீட்டர், சப்ளை இரண்டையும் மாற்றியும் பயனில்லை. வயரை ஓம் அளவில் சோதித்தபோதும் குறை தெரியவில்லை.

கடைசியில், மின்சாரம் ஓடும்போதே ஹீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தேன்: 9.6 வோல்ட். 9.6 ÷ 1.6 = 6 ஓம். ஆக ஹீட்டர் நல்லதுதான், ஆனால் அதற்குக் கிடைத்தது 9.6 × 1.6 = 15.4 வாட். மீதி 2.4 வோல்ட் எங்கே? ஒவ்வொரு இணைப்பாக, மீட்டரின் ஒரு ப்ரோபை (அளவு முனையை) கம்பி இழையிலும் மற்றதைத் திருகின் தலையிலும் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கிரிம்ப் லக்கில் (கம்பியோடு நசுக்கிப் பொருத்திய லக்) 2.2 வோல்ட்! அங்கே மட்டும் 3.5 வாட் வெப்பம். உறை லேசாகப் பழுப்பேறியிருந்தது.

ஓம் அளவில் இது தப்பியதற்குக் காரணம், லக்கின் மேல் ப்ரோபை அழுத்தினால் உள்ளே தளர்ந்த இழைகளும் அழுந்தி, தொடர்பு தற்காலிகமாகச் சரியாகிவிடும்.

லக்கை வெட்டி, புதியதைக் கிரிம்ப் செய்தேன். இப்போது ஹீட்டரில் 11.75 வோல்ட், 1.96 ஆம்பியர், 23 வாட். அப்பாடா!