மலிவு விலைத் திகில் படங்கள்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலி செய்வதற்கென்றே கும்பலாக உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்ப்பதுதான் முதல் தவறு. அரை நூற்றாண்டு தாண்டியும் சில படங்கள் ஓடிக்கொண்டிருப்பது மட்டமாக எடுத்ததால் அல்ல. கையில் காசில்லாததால் எடுத்தவர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைதான் இன்னும் பயமுறுத்துகிறது.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் சுமார் 1,14,000 டாலரில் முடித்த படம். ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப். கலர் கட்டுப்படியாகாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள், அதுவே படத்துக்கு ஒரு செய்திப்படத்தின் நம்பகத்தைத் தந்துவிட்டது. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது: உயிர்பெற்று எழுந்து மனிதரைத் தின்னும் பிணங்களிடம் இரவு முழுக்கத் தப்பிய பென், விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களின் துப்பாக்கிக்கே பலியாகிறான். அந்த வேடத்தில் நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அப்புறம் எழுத்துகள் ஓடும்போது படம் அசைவதில்லை. நாளிதழில் வருவது போன்ற புள்ளி புள்ளியான புகைப்படங்கள், கொக்கிகளோடு அவன் உடலைச் சூழ்ந்து நிற்கும் ஆட்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் இது திரைக்கு வந்தது. இதற்குச் சிரிக்க முடியுமா?

கிடைத்த பிரதியில் பார்ப்பது அடுத்த தவறு. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் பெயரை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் காப்புரிமை அறிவிப்பை விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றதில் மங்கலான பிரதிகள் பெருகின. 2016-இல் மீட்டெடுத்த பிரதியைப் பாருங்கள், ஒளியமைப்பு எவ்வளவு கவனமானது என்று தெரியும்.

ரத்தம் கொட்டும் என்று எதிர்பார்த்து டோப் ஹூப்பரின் ‘தி டெக்சாஸ் செயின் சா மசாக்கர்’ (1974) பார்க்க உட்காராதீர்கள். பெண்ணைக் கொக்கியில் மாட்டும் காட்சியில் கொக்கி உடலுக்குள் இறங்குவதைக் கேமரா காட்டவே இல்லை. காட்டுவது கீழே வைத்திருக்கும் தொட்டியைத்தான். அது எதற்கென்று புரிகிற நொடியில் மீதியை நம் மனமே வரைந்துகொள்கிறது.

‘உண்மைக் கதை’ விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். இந்தப் படம் சம்பவ நாளாகச் சொல்வது 1973 ஆகஸ்ட் 18. படப்பிடிப்பு நடந்ததே அந்தக் கோடையில்தான்! 1957-இல் விஸ்கான்சினில் பிடிபட்ட கொலைகாரன் எட் கீனின் வழக்கிலிருந்து சில கூறுகளை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

சரி, கல்ட் படம், அதாவது தீவிர ரசிகர் கூட்டம் கொண்டாடும் படம் என்பதற்காக எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டுமா? வேண்டாம். ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ (1980) படத்தில் உயிருள்ள விலங்குகளை நிஜமாகவே கொன்றார்கள். அதன் போலி ஆவணப்பட உத்தி பின்னால் பலருக்கு வழிகாட்டியது உண்மைதான். ஆனாலும் அதில் ஆமையைக் கொல்லும் காட்சியைத் துணிச்சல் என்று பாராட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யோசிக்கத் தெரியாதவர்கள்தான் அப்படிக் கொன்று காட்டுவார்கள்.