முன்னட்டையில் பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு

இசைத்தட்டு உறை வடிவமைக்கப் புதிதாக வருகிறவர்கள் தங்கள் வேலையைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. நானும் என் கூட்டாளிகளும் தொழிலுக்கு வந்த புதிதில் பண்ணிய அதே கூத்துகள் அச்சுப் பிசகாமல் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை அச்சகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே யாரும் சொல்லாதவை சில இருக்கின்றன.

பெயரை எடுத்துவிட்டு, அதன் வேலையை அநாதையாக விடுவது

முன்னட்டையில் குழுவின் பெயரே இல்லாமல் உறை செய்வதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. இதில் போவது அடுத்தவர் காசு.

வாதம் எப்போதும் ஒன்றுதான்: "பிங்க் ஃபிளாய்ட் பண்ணலையா சார்?" பண்ணினார்கள். அந்த ராக் குழுவின், 1970இல் வந்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தின் முன்னட்டையில் ஒரு பசுமாடு நின்று திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது அவர்களுடைய ஐந்தாவது ஆல்பம். ரசிகர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். 1971இல் லெட் செப்பலின் குழு தங்கள் நான்காவது ஆல்பத்தின் உறையிலிருந்து பெயரை எடுத்தபோது, உறுப்பினர்கள் நால்வரும் ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொண்டார்கள். தட்டு கடைக்கு வருமுன்பே பத்திரிகை விளம்பரங்களில் அந்தக் குறியீடுகள் வந்துவிட்டன. பெயர் பார்க்கவேண்டிய வேலையை அவை பார்த்தன.

"ஜாய் டிவிஷன் புதுக் குழுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி. 1979இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்த பல்சார் என்ற வகை விண்மீனின் ரேடியோத் துடிப்புகளின் வரைபடத்தை எடுத்துக்கொண்டார். கருப்புக் கோடுகளை வெள்ளையாக்கி, பின்னணியைக் கருப்பாக்கினார். முன்னட்டையில் ஒரு எழுத்து கிடையாது. ஆனால் கடைக்காரரிடம் போய் "அந்தக் கருப்பு அட்டை, நடுவில் மலை மலையாய் வெள்ளைக் கோடு" என்று வாயாலேயே கேட்டு வாங்கிவிடலாம். உங்கள் படத்தை அப்படிச் சொல்லிக் கேட்க முடியுமா?

பெயரை மேலே போடும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. கடையில் தட்டுகளைப் பெட்டிகளில் நிற்கவைத்திருப்பார்கள். வாங்குகிறவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது கண்ணில் படுவது மேல்பகுதிதான்.

ஒரு குழுவின் முதல் எல்பி (முழு ஆல்பத் தட்டு) நினைவுக்கு வருகிறது. முன்னட்டையில் மழையில் நனைந்த காலி நாற்காலி. நல்ல படம். பெயர் இல்லை. கச்சேரிப் போஸ்டரைச் செய்தவர் வேறொருவர். அதில் பாடகியின் முகம். கச்சேரிக்கு வந்தவர்கள் மேசையில் கிடந்த தட்டைப் புரட்டி, "இது யாரோடது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள், பாடிய குழு பக்கத்திலேயே நிற்கும்போது! அப்புறம் பெயர் போட்ட ஸ்டிக்கர் அடித்து, உறையைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக்கின் (ஷ்ரிங்க் ராப்) மேல் கையால் ஒட்டினார்கள். வாங்கியவர் ராப்பைக் கிழித்ததும் பெயரும் குப்பைக்குப் போனது. செலவு முழுக்கக் குழுவின் தலையில்.

பாட்டு ஆப்பில் மட்டும் வெளிவருகிறதென்றால் கதை வேறு. படத்துக்குக் கீழே பெயரை ஆப்பே எழுதிவிடும்; தாராளமாக எடுத்துவிடுங்கள். தட்டாக வருகிறதென்றாலும் எடுக்கலாம். ஆனால் அதே படம் போஸ்டரிலும் டிக்கெட்டிலும் மேடைத் திரையிலும் முன்கூட்டியே வந்து பழகியிருக்க வேண்டும். போஸ்டர் செய்கிறவரை முதல் நாளே கூட உட்காரவையுங்கள்.

உள்ளே தட்டு இருப்பதை மறப்பது

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' (1971) உறையில் நிஜ ஜிப் வைத்தார்கள். அடுக்கி அனுப்பியபோது ஜிப்பின் பிடி அழுத்தி, தட்டுகளில் பள்ளம் விழுந்தது. கடைசியில் ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டு அனுப்பினார்கள். அழுத்தம் பாட்டு பதிந்த இடத்தை விட்டு நடு லேபிளில் விழுந்தது. உறையின் மேல் எதை ஒட்டுவதானாலும், மாதிரிக்கு ஒரு கட்டு செய்து அடுக்கி, மேலே பாரம் வைத்துப் பாருங்கள்.

பார்கோடைச் சிவப்பில் போடுவது

கூடாது. லேசர் ஸ்கேனரின் ஒளியே சிவப்பு. சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் அதற்கு ஒன்றுதான்.

முதுகை வெறுமையாக விடுவது

தட்டுகளை அலமாரியில் அடுக்கினால் தெரிவது உறையின் அந்த ஒல்லியான ஓரம் மட்டும்தான்.

கருப்பின் மேல் பொடி வெள்ளைத் தமிழ்

நான்கு வண்ணமும் சேர்ந்த கருப்பில் பொடி எழுத்தை வெள்ளையாக விட்டால், ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி நகர்ந்தாலும் மற்ற மசி உள்ளே ஏறிவிடும். முதலில் அடைபடுவது புள்ளி. 'மிருதங்கம்' என்று கொடுத்தது 'மிருதஙகம' என்று வந்து நிற்கும். வாசித்தவர்களின் பெயர்கள் இருக்கும் பின்னட்டையில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஒற்றைக் கருப்பு மசி போதும். எழுத்தைத் தடிமனாக வையுங்கள். புரூஃபைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்காமல், அதே தாளில் அச்சடித்துக் கையில் வாங்கிப் படியுங்கள்.