நுனாவுட்டில் குடியேறுகிறீர்களா?

வடகனடாவின் நுனாவுட்டில் 25 ஊர்கள். ஒன்றுக்கொன்று சாலை கிடையாது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளை ஓராண்டுக்குச் சேர்த்துக் கோடைக் கப்பலிலேயே வரவழைத்துவிடுங்கள். விமானத்தில் வந்தால் விலை எகிறும், பனிப்புயலில் நாள்கணக்கில் தாமதமாகும்.

பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் வீட்டுத் தண்ணீர் பம்பு தானாக நின்றுவிடும். குழாய் வறண்டால் முதலில் அந்தத் தொட்டியைப் பாருங்கள். புயலில் லாரி வராது. 20 லிட்டர் கேன் இரண்டிலாவது நீர் பிடித்து வையுங்கள்.

பேச்சில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இங்கத்திய பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் புருவத்தை உயர்த்தினால் ‘ஆமாம்’, மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. வாய்திறந்த பதிலுக்காகக் கேட்டதையே திரும்பக் கேட்காதீர்கள். ‘நீங்கள் வரவில்லையா?’ என்பதற்கு ‘ஆமாம்’ என்றால் வரவில்லை என்றே பொருள். தமிழிலும் அப்படித்தானே, நமக்கு இது எளிது. மௌனத்தைக் கோபமென்று எண்ண வேண்டாம். வாசலிலேயே காலணியைக் கழற்றுங்கள். மீனோ கரிபு எனும் பனிமான் இறைச்சியோ பகிர்ந்தால் ‘குயன்னமீக்’ என நன்றி சொல்லி வாங்குங்கள். உடனே காசை நீட்டுவது பகிர்தலின் அன்பைக் குலைத்துவிடும்.

வடக்கே உள்ள பாண்ட் இன்லெட் ஊரில் நவம்பர் நடுவில் மறையும் சூரியன் ஜனவரிக் கடைசியில்தான் எட்டிப்பார்க்கும். தூங்கி எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். எழுந்ததும் பிரகாசமான விளக்கைப் போடுங்கள். ஊர் எல்லைக்கு அப்பால் தனியே போகவே கூடாது, பனிக்கரடி நடமாட்டம் உண்டு.