போர்வீரராக இருந்து பேராசிரியரானவரின் வாழ்க்கையைப் பதிவுசெய்வது எப்படி?

பினாங்கில் ஓய்வாக வாழும் அத்தகைய ஒருவரை நேர்காணும் முன், அவர் சொல்வதைப் பொருத்திப் பார்க்கக் காலவரிசை ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: மலாயாவின் அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகக் காடுகளில் நடந்த போர்) 1948 முதல் 1960 வரை, இந்தோனேசியாவுடனான மோதல் 1963 முதல் 1966 வரை, இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் தோன்றியது 1969இல்.

எடுத்த எடுப்பிலேயே போரைப் பற்றிக் கேட்காதீர்கள். பிறந்த தோட்டத்தையும் படித்த தமிழ்ப்பள்ளியையும் பற்றிக் கேட்டால், பேச்சு தானாகவே காட்டுக்குள் சென்று சேரும். பதக்கம், பணிச்சான்று, பழைய புகைப்படம் ஆகியவற்றை அவர் கையில் கொடுத்துப் பேசவைப்பது நீண்ட கேள்விப்பட்டியலைவிடப் பயன் தரும் (படத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள், தேதி அங்கே இருக்கக்கூடும்). நினைவும் ஆவணமும் முரண்பட்டால், திருத்தாமல் இரண்டையும் எழுதுங்கள். துப்பாக்கியை ஒப்படைத்தவர் விரிவுரை மண்டபத்தில் முதன்முறை நின்ற நாளுக்கு மட்டும் தனி அமர்வு ஒதுக்குங்கள். ஒலிப்பதிவின் ஒரு படி குடும்பத்தாரிடம் இருக்கட்டும்.